அண்ணன் ஊருக்கு அள்ளிக் கொடுத்த பாட்டு

திருவாரூர்,
மார்கழி 26

அன்பு மகன் புகழேந்திக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், ஷார்ஜாவில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க அந்த மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். சம்பா அறுப்புக்கு வந்துவிட்டது, மெஷின்காரன் இன்று நாளை என்று இழுக்கிறான், அப்பா அவன் பின்னாலேயே அலைகிறார். போனில் பேசலாம்தான், ஆனால் நான் கத்துவேன், நீ சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன், முழுசாகப் படி.

உன் தங்கை பூமிகா தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் ஸ்டூடியோவுக்கு அலைந்து பாடிய பாட்டுகளை, காசு கட்டி இறக்கிக்கொள்ளும்படி நெட்டில் போட்டிருந்தாள். அண்ணனிடம் காசு வாங்குவதா என்று உனக்கு மட்டும் சும்மா அனுப்பினாள். நீ என்னடா செய்தாய்? அத்தனையையும் நம் ஊர் வாட்ஸப் குரூப்பில் தூக்கிப் போட்டு, 'நம்ம தங்கச்சி பாட்டு, எல்லாரும் ஃப்ரீயா எடுத்துக்குங்க' என்று பெருமை வேறு. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். அடப்பாவி, அவள் தொண்டை உனக்குக் கடைத் தேங்காயா?

அது கை மாறிக் கை மாறி, குத்தாலத்தில் அவள் புகுந்த ஊருக்கும் போய்விட்டது. அங்கே காணும் பொங்கல் விழாவில் பாட அவளைத்தான் அழைத்திருந்தார்கள், அவளுக்கு அதுதான் முதல் மேடை, போஸ்டரில் போட்டோகூடப் போட்டாயிற்று. இப்போது விழாக் கமிட்டி துரைராசு வந்து, 'பாட்டுதான் எல்லார் போன்லயும் இருக்கே, ஸ்பீக்கர்ல போட்டுக்கிறோம்மா, நீ சிரமப்பட வேணாம்' என்றாராம். யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, 'உங்க அண்ணன்தாம்மா' என்று சிரித்தாராம். நீ அவளிடம் சொன்ன சமாதானமும் என் காதுக்கு வந்தது. 'எடுத்தா பாட்டு குறைஞ்சா போயிடும்? நான் வருஷா வருஷம் சீர் அனுப்பலயா?' என்றாயாமே. பக்கத்து வயல்காரன் தன் தண்ணீர் முறை வருவதற்கு முன்னால் மடையைத் திறந்ததற்கு மண்வெட்டியோடு போனவன் நீ. சீர் உன் கைப்பொருளில் கொடுப்பது. அவள் கைப்பொருளை எடுத்து ஊருக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு. வெளியாள் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன், நம்பிக் கொடுத்தவளுக்கு நீ செய்தாயே, வயிறு எரிகிறது.

நேற்று உன் பெயரில் பொங்கல் சீர் கொண்டுபோனேன், கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், புடவை எல்லாம். காபி கொடுத்தாள், பிள்ளையை என் மடியில் விட்டாள், சீர்த் தட்டை மட்டும் தொடவில்லை. 'இது சீரா, இல்ல பாட்டுக்கு வெலையா? எனக்குத் தெரியலம்மா, எடுத்துட்டுப் போயிடு' என்றாள். பிறந்த வீட்டுச் சீரை அவள் இதுவரை திருப்பியதே இல்லை. கரும்பைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன், பார்த்தவர்களெல்லாம் ஏன் என்று விசாரித்தார்கள்.

முதலில் குரூப்பில் போட்டதை அழி, எடுத்தவர்களையும் அழிக்கச் சொல், செய்தது தப்பு என்று அதே குரூப்பில் எழுது. துரைராசுவிடமும் பேசு. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு. பொங்கலன்று முதலில் பூமிகாவைக் கூப்பிடு. அவள் எடுத்தால் பிறகு என்னைக் கூப்பிடு. அவள் எடுக்கவில்லை என்றால் நானும் எடுக்கமாட்டேன்.

உன் அம்மா,
செந்தாமரை