ஏவுகணையின் பிறந்த தேதி

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
20-2-2002

அன்புள்ள உங்களுக்கு, பாகீரதி அநேக நமஸ்காரம்.

இங்கு என் அப்பாவும் சுப்ரியாவும் சௌக்கியம். இந்த மாதம் இங்கே நடந்த பெங்காலி சரஸ்வதி பூஜைக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். பெண் முதன்முதலாகப் புடவை கட்டிக்கொண்டு மத்தியானம் வரை பால்கனியிலேயே நின்றாள். எல்லையில் பதற்றம், லீவு இல்லை என்று ஒரு வரி எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா?

அக்டோபரோடு விமானப்படையில் உங்களுக்கு இருபது வருஷம் முடிகிறது. அதோடு போதும் என்று கல்யாணத்தன்றே சொன்னவர் நீங்கள். மேலும் இருக்கச் சம்மதம் என்று அவர்கள் நீட்டும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

சுப்ரியாவின் பள்ளிப் பதிவுப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பெண்ணின் அப்பா கைப்பட நிரப்ப வேண்டுமாம்.

இப்படிக்கு,
பாகீரதி


8-3-2002

அன்புள்ள பாகீரதிக்கு,

நலம். எங்கே இருக்கிறேன் என்று எழுதக் கூடாது. விமானங்கள் எந்த நேரமும் கிளம்பத் தயாராக நிற்கின்றன. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வரும் விமானத்தை அடிக்கிற ஏவுகணைகள், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் நீளம். இறக்கைக்கு அடியில் மாட்டுகிறோம், கழற்றிச் சோதிக்கிறோம், மறுபடி மாட்டுகிறோம். ஒன்றைக்கூட இதுவரை ஏவவில்லை. ஏவாமலேயே இடுப்பு ஒடிகிறது. எங்கள் பிரிவில் இந்த வேலை தெரிந்தவர்கள் செல்வராஜும் நானும்தான்.

நீ சொன்னதை யோசிக்கிறேன். பள்ளிப் படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறேன்.

உன்
ஹரிஷங்கர்


லேக் கார்டன்ஸ்
2-4-2002

அன்புள்ள உங்களுக்கு,

அப்பா எழுதினது தப்பாக இருக்குமா என்று, பார்க்காமலேயே பள்ளியில் கொடுத்துவிட்டேன். 11-9-1988 அன்று பிறந்த பெண்ணுக்கு 14-3-1988 என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நான் மூன்று மாதக் கர்ப்பிணி, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். "ஓர் பாபா ஜானே நா?" என்றாள் டீச்சர். அவள் அப்பாவுக்கே தெரியாதா என்று எல்லோர் எதிரிலும் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? எங்கிருந்து வந்தது இந்தத் தேதி?

சம்மதப் படிவம் என்ன ஆயிற்று? அதற்கும் பதில் இல்லை.

பாகீரதி


20-4-2002

அன்புள்ள பாகீரதிக்கு,

மன்னித்துவிடு. 14-3-88 நான் தினமும் சோதிக்கிற ஏவுகணை தயாரான தேதி. பதிவேட்டில் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. "உனக்கு ரெண்டு பிள்ளைடா, மிட்டாய் குடு" என்று செல்வராஜ் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சம்மதப் படிவத்துக்கு மே கடைசி வரை நேரம் இருக்கிறது. யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவசரப்படுத்தாதே.

உன்
ஹரிஷங்கர்


லேக் கார்டன்ஸ்
12-5-2002

உங்களுக்கு,

செல்வராஜின் மனைவி விஜயா நேற்று டாலிகஞ்சிலிருந்து வந்திருந்தாள். "ரெண்டு பேரும் ஜனவரியிலேயே சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றாள். அவளுக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டுத் தெரியும் என்றேன்.

நான் கேட்டதே பிப்ரவரியில். அப்புறம் எதை யோசித்துக்கொண்டிருந்தீர்கள்? தேதி தப்பானதைப் பொறுத்துக்கொண்டேன். இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சுப்ரியாவுக்குப் பெங்காலிதான் படிக்க வரும், தமிழ் வராது. உங்கள் கடிதங்களை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். 'என் கண்ணு எப்படி இருக்கிறாள், பாட்டு கிளாஸுக்குப் போகிறாளா' என்று நீங்கள் கேட்டதாக ஒவ்வொரு தடவையும் நானே சேர்த்துப் படிப்பேன். நீங்கள் ஒரு தடவைகூட அப்படி எழுதியதில்லை. அவளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

இனிமேல் வருவதை உள்ளது உள்ளபடி படிக்கப்போகிறேன்.

பாகீரதி