சொல்லாமல் விட்ட கடைசி வரி

பிப்ரவரி 3, 1994 — கிளாஸ்கோ

கறிக்கடை டூகி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "யம்மா, ஞாயித்துக்கிழமை டிவில ஆத்துல மிதந்த பொணம் நீங்கதானே? தத்ரூபம்!" என்றார். வரிசையே திரும்பிப் பார்த்தது. முப்பத்தைந்து வருடம் நடித்து என்ன பயன்? துப்பறியும் தொடர்களில் இது ஆறாவது சாவு. இரண்டு சாசேஜ் கூடுதலாகப் போட்டார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 7

நாடகம் கிடைத்துவிட்டது! கப்பல் கட்டுபவரின் விதவை. பக்கம் பக்கமாக வசனம். நாடகத்தின் கடைசி வரியே என்னுடையது. தங்கை உனாவிடம் போனில் சொன்னால், "எத்தனாவது காட்சில சாவுறே அக்கா?" என்கிறாள். அவள் வாயில் நல்ல வார்த்தை வந்துவிட்டாலும்! இதில் சொதப்பினால் ஆயுசுக்கும் பிணம்தான்.

பிப்ரவரி 22

அரங்கேற்றத்துக்கு முன் கடைசி வரியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் நாடகம் உருப்படாது. மேடைக்காரர் சம்பிரதாயம். ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் "டம்டி டம்டி" என்று நிறுத்திவிடுகிறேன்.

இயக்குநர் ருவாரிக்கு எரிச்சல். "ஒரு தடவை சொல்லித்தான் பாருங்களேன் மேடம்."

"தம்பி, நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே மேடை ஏறினவ நான்."

மார்ச் 9

மழை. டம்டி டம்டி.

மார்ச் 12

எப்படி எழுதுவேன் இதை! நேற்று அரங்கேற்றம். கடைசி இடம் வந்தது. வாயைத் திறந்தேன் — வரி இல்லை. நாக்கு பழகியது டம்டி டம்டி மட்டும்தானே? அதையா சொல்ல முடியும்?

ஐயோ, செத்தேன் என்று நினைத்தேன். ஆறு தடவை பிணமாகக் கிடந்த உடம்பு தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. மூச்சை அடக்கி, கண்ணைச் சிமிட்டாமல் அப்படியே நின்றேன். எத்தனை நேரமோ. விளக்கு அணைந்தது. மேடை ஓரத்தில் ருவாரி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

போச்சு. எல்லாம் போச்சு. உனாகூட கிண்டல் பண்ணலை, அதான் பயமாயிருக்கு.

மார்ச் 13

பத்திரிகையில்: 'அந்தக் கடைசி மௌனத்துக்காகவே பார்க்கலாம்.'

ருவாரி போன் செய்தார். "தினமும் அப்படியே நில்லுங்க மேடம். நானும் அதத்தான் நெனச்சேன்." நெனச்சாராம்!

ஏப்ரல் 3

நாடகம் நேற்றோடு முடிந்தது. இன்று உருளைக்கிழங்கு உரிக்கும்போது அந்த வரி ஞாபகம் வந்தது. சட்டியிடம் சொன்னேன். சுமாரான வரிதான்.

மே 6

டிவிக்காரர்கள் அழைத்தார்கள். புதுத் துப்பறியும் தொடர். "எத்தனாவது நிமிஷத்துல சாகணும்?" என்றேன். பழக்கதோஷம்.

"சாகவே மாட்டீங்க மேடம். துப்பறியறதே நீங்கதான்."

டூகியிடம்தான் முதலில் சொன்னேன். "அப்ப பொணம் யாரும்மா? நான் வரட்டுமா?" என்று கடைத் தரையிலேயே மல்லாந்து படுத்தார். எட்டு எண்ணுவதற்குள் இருமிவிட்டார்.

அவ்வளவு சுலபமா என்ன?