பூதத்தின் டம்ளர்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் நலம் என்று போன ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் தெரிந்துகொண்டேன். குரலில் சளி கிளி எதுவும் இல்லை. இப்போதைய விலாசம் தெரியாததால் இதை ஒலிப்பதிவுக் கூடத்துக்கே அனுப்புகிறேன்.

பதினைந்து நாள் டப்பிங் வேலை என்று போனீர்கள். ஒன்பது மாதமாகிறது. போகும்போது நாம் பேசிக்கொண்டது எதையும் நான் மறக்கவில்லை. ஆனால் இப்போது கோபமும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகிறேன், லென்ஸைத் தேய்த்துப் பிரேமில் பொருத்துகிறேன், வருகிறேன். மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல நாள் போகிறது.

சமையலறைக் குழாயை வீட்டுக்காரர் ஒருவழியாக மாற்றிக் கொடுத்தார். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன.

படம் நன்றாகவே இருக்கிறது. தனியாக இருக்கும் ஒரு சிறுமி, தண்ணீர்த் தொட்டியில் குடியிருக்கும் ஒரு பூதம். "மூணு தடவை தட்டு, எங்க இருந்தாலும் வந்துடுவேன்" என்று பூதம் வாய் திறந்ததுமே பாப்பா இருக்கையில் ஏறி நின்றுவிட்டாள். நீங்கள் ஸ்டீல் டம்ளரை வாயருகே வைத்துக்கொண்டு அடுப்படியில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே வரி. பின்வரிசைக்காரர் உட்காரச் சொல்லிக் கத்தினார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

படம் முடிந்ததும் வெளியே வர மாட்டேன் என்றாள். பெயர்கள் ஓடின. சாப்பாடு போட்டவர்களுக்கும் பிறகுதான் உங்கள் பெயர் வந்தது. டிக்கெட் கிழிப்பவரிடம் போய், "எங்கப்பா உள்ள இருக்காரு, திரையைத் திறங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் போயாச்சு பாப்பா" என்றார். அப்படியானால் பின்பக்கமாக வீட்டுக்குப் போயிருப்பார் என்று என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். பூட்டைத் திறந்ததும் குளியலறை வரை பார்த்தாள்.

அன்றிலிருந்து அந்த டம்ளரில் யாருக்கும் தண்ணீர் கிடையாது. பள்ளி விட்டு வந்ததும் கரண்டியால் அதைத் தட்டுகிறாள். இரண்டு தடவை. அப்புறம் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறாள். மூன்று தடவையல்லவா என்று கேட்டேன். "மூணாவது தட்டியும் அப்பா வரலைன்னா என்னம்மா பண்றது?" என்றாள். உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன், அதையே சீவினேன்.

எனக்காக வர வேண்டாம். ஒருநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு நம் கதவுக்கு வெளியே வந்து நில்லுங்கள். இரண்டு தட்டுச் சத்தம் கேட்கும். மூன்றாவதை நீங்கள் கதவில் தட்டுங்கள்.

தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீரே குடியுங்கள்.

இன்று காலை பாத்திரம் கழுவும்போது அந்த டம்ளர் கைக்கு வந்தது. நானும் தட்டிப் பார்த்தேன். இரண்டு தடவைதான்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா