கொடி வைக்கிற நாள்

மச்சான்,

இன்று காலை ஹாலுக்குள் நுழையும்போது வாசலில் நின்ற செக்யூரிட்டி பிளாஸ்டிக் உறையை நீட்டினான். என் போனைப் போட்டேன். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்துப் போட்டேன். பொத்தான்கள் தேய்ந்து எண்களே தெரியாத உன் பழைய போன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யே கிஸ்கா ஹை, பாய்?" என்று, அது யாருடையது எனக் கேட்டான். "மேரே பாய் கா" என்றேன், என் சகோதரனுடையது என்று. கூடப்பிறந்தவன் என்று நினைத்திருப்பான். நினைத்துவிட்டுப் போகட்டும்.

உள்ளே நீள மேசை. இஸ்திரி போட்ட நாட்டுக் கொடிகள் அட்டைப்பெட்டியில் அடுக்கியிருந்தன. சூடு பட்ட சாட்டின் துணியின் வாசனை உனக்குத் தெரியும். கருகியும் கருகாமலும் ஒரு வாசனை. எந்தச் சண்டைக்காக இன்றைக்கு யார் யார் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் கேட்பதில்லை. நீ இருந்தால் பெட்டியைத் திறந்த உடனே ஆராய்ச்சியை ஆரம்பித்திருப்பாய்.

நாம் முதலில் பேசிக்கொண்டதே ஒரு தகராறுதான். வளைகுடாவில் தொழிலாளர்கள் தங்கும் சோனாப்பூர் கேம்பில் ஒரே அடுக்குக் கட்டில், மேலே நான், கீழே நீ. கிளிநொச்சிப் பக்கத்து ஆளான நீ என்னை 'மச்சான்' என்றாய். பரமக்குடிக்காரனான நான் உன்னை 'மாப்ள' என்றேன்.

"டேய், முறை சரியா வரணும்ல? யாரு தங்கச்சிய யாரு கட்டுனது?" என்று கேட்டேன்.

"உன்ர தங்கச்சிய நான் கட்டியிருக்க வேணும்" என்றாய்.

"எனக்குத் தங்கச்சியே கெடையாது."

"அப்ப தப்பிச்சன்."

அதிலிருந்து எனக்கும் மச்சான்தான் வாயில் வந்தது. ஒரே ஹோட்டல், ஒரே பாங்க்வெட் செட்டப் வேலை, ஒரே கம்பெனி பஸ். மந்திரிகளும் தூதர்களும் கூடிப் பேசும் மேசையை விரிப்பது நம் வேலை. அவர்கள் என்ன பேசினார்கள் என்பது நமக்கு எப்போதும் தெரிந்ததில்லை. ஆனால் யாருக்கு யாரோடு ஆகவில்லை என்பது அவர்கள் வருவதற்கு முன்பே உனக்குத் தெரிந்துவிடும். யார் எங்கே உட்கார வேண்டும் என்று புரோட்டோகால் ஆபீஸர் கொண்டுவரும் படத்தைப் பார்த்துக் கதிரை போடுவாய். நாற்காலி என்று சொல்லித் தொலையேன் என்பேன். கடைசிவரை சொல்லவில்லை.

"இஞ்ச பார் மச்சான். போன முறை இந்த ரெண்டு கொடியும் முட்டிக்கொண்டு நிண்டது. இப்ப நடுவில மூண்டு கதிரை."

"சம்பந்தி சண்டை மாதிரி இருக்கே."

"ஓம். சீதனத்தில ஏதோ குறைஞ்சுபோச்சு."

பூவை வைத்துச் சொல்வதில் நீ இன்னும் கெட்டிக்காரன். நேருக்கு நேர் உட்காரவும் வேண்டும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் கூடாது என்றால், நடுவில் உயரமான பூ அலங்காரம் கேட்டு ஆர்டர் வரும். சமாதானமாகிவிட்டால் தட்டையான பூ. "பூ உயர்ந்திட்டுது. உறவு தாழ்ந்திட்டுது" என்று நீ சொல்லிவிட்டுப் போவாய். பக்கத்து நாட்டில் சண்டை தொடங்கிய வருடங்கள் அவை. நேற்று கட்டிப்பிடித்தவர்கள் இன்று தனித்தனி வாசல் வழியாக வந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்காரர்கள் ஒரு வருடம் மேசையின் தலைமாட்டில் இருந்தார்கள். அடுத்த வருடம் அவர்கள் கொடியையே இஸ்திரி போட வேண்டாம் என்று சொன்னார்கள். நான் அதைக் குப்பையில் போடப் போனேன். நீ என் கையைப் பிடித்தாய். "எறியாத. பெட்டிக்க வை. திரும்ப வரும்." வந்தது. மடிப்பு விழுந்திருந்ததால் இரண்டு தடவை இஸ்திரி போட வேண்டியிருந்தது.

உங்கள் நாட்டுச் சண்டைக்கும் அப்போது எங்கோ வெளிநாட்டு ஹோட்டல்களில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு ஹால் டிவியில் ஒருமுறை அந்த மேசையைக் காட்டினார்கள். எல்லோரும் மேசையில் இருந்தவர்களைப் பார்த்தார்கள். நீ எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாய்.

"எங்கட ஆக்களுக்கும் எவனோ ஒருத்தன் மேசை விரிச்சிருக்கிறான். என்ன பூ வச்சிருக்கிறான் எண்டு தெரியேல்லை."

"ரோசாவா இருக்கும்."

"நான் உயரத்தைக் கேக்கிறன்" என்றாய்.

கேமரா அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

சுகந்தியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உன் மனைவியை நான் பார்த்ததில்லை. ரிங்காக மட்டும்தான் தெரியும். வளைகுடாவில் வேலை பார்க்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எடுக்காத அழைப்புக்குக் காசு இல்லை. ஒரு ரிங் அடித்து வெட்டினால் 'நாங்கள் சுகம்'. பதிலுக்கு இங்கிருந்து ஒரு ரிங் அடித்து வெட்டினால் 'நானும் சுகம்'. இரண்டு தரம் அடித்தால் மட்டும் 'உடனே கூப்பிடு'. சந்தியில் இருந்த போன் கடைக்குச் சுகந்தி வெள்ளிக்கிழமை வருவாள். போன் மேசையில் கிடந்து ஒருமுறை துடித்து அடங்கும். நீ அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பதில் ரிங் அடித்து வெட்டிவிட்டு, குளிக்கப் போவாய். எடுக்கவே கூடாது. எடுத்தால் காசு போகும். புது ஆள் ஒருவன் உதவி செய்கிறேன் என்று எடுத்துவிட்டு, உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு வாழ்க்கையை இப்படியும் நடத்தலாம் என்று அப்போது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நானும் அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தேன், அது வேறு விஷயம்.

பிறகு உங்கள் நாட்டுப் பேச்சுவார்த்தை மேசையை மடித்துவிட்டார்கள், சண்டை மறுபடி தொடங்கியது. ஜனங்கள் ஊர் ஊராக நகர ஆரம்பித்தார்கள். போன் கடை இல்லாமல் போனது. ரிங் வெள்ளிக்கிழமை என்பது போய் என்றைக்கோ ஒருநாள் என்றானது. ஒவ்வொரு முறையும் வேறு நம்பர். யார் யாரிடமோ கேட்டு வாங்கி அடிக்கிறாள் என்று நீ சொல்வாய். ஒரு ரிங். வெட்டு. நீ திருப்பி அடித்தால் அந்த நம்பர் கிடைக்காது. அதனால் என்ன, அவள் அடித்துவிட்டாளே என்று அன்றைக்கு மட்டும் இரண்டு பேர் சோற்றைச் சாப்பிடுவாய்.

அந்தப் பெரிய மாநாட்டு நாளை நான் மறக்கவில்லை. இந்த வட்டாரத்தின் அமைதி பற்றிப் பேச்சு. நாய்களைக் கொண்டுவந்து மோப்பம் பிடித்தார்கள். போன்களை ஆஃப் செய்து உறையில் போடச் சொன்னார்கள். நம்மை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். மதியம் முடியும் என்றார்கள், முடியவில்லை. ஏதோ ஒரு வார்த்தையில் இழுபறி என்று நம்மை மேய்க்கும் கேப்டன் சொன்னார். காவா என்கிற அரபிக் காபியையும் பேரீச்சம்பழத்தையும் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் வைத்தோம். ஒவ்வொரு முறை பேன்ட்ரிக்குள் வரும்போதும் நீ ஒன்றையே கேட்டாய்.

"அடிச்சிருப்பாளோ?"

"அடிச்சிருந்தா வெளிய போனதும் தெரிஞ்சிட்டுப் போகுது. பேசாம இருடா."

வெளியே வந்து போனை ஆன் செய்தாய். திரையில் ஒன்றும் இல்லை. நான் ஆறுதலாக, "அப்ப அடிக்கலடா" என்றேன். நீ தலையை ஆட்டினாய். "ஓஃப்ல கிடந்தா அடிச்சதும் தெரியாது, அடிக்காததும் தெரியாது மச்சான்."

அதற்குப் பிறகு ரிங் வரவேயில்லை.

மறு வாரமே கேப்டனிடம் போய், பாத்திரம் கழுவும் பகுதிக்கு மாற்றித் தரச் சொன்னாய். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொடியை அளவுகோல் இல்லாமல் நேராக வைக்கிற ஒரே ஆள் நீதான், உனக்கு என்ன பைத்தியமா என்றார். கீழே பேஸ்மென்டில் யாரும் போனைப் பிடுங்க மாட்டார்கள், அவ்வளவுதான் காரணம். ஆவி பட்டுக் கெட்டுவிடும் என்று போனைச் சாப்பாட்டுக் கவருக்குள் போட்டு, நெஞ்சோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். தட்டு கழுவிக்கொண்டே அடிக்கடி அதைத் தொட்டுப் பார்ப்பாய். நான் மேலே கொடி வைத்துவிட்டுக் கீழே வந்து, இன்றைக்கு யார் பக்கத்தில் யார் என்று கதை சொல்வேன். முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசியவன் நீ. அப்போது கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் சொல்வாய்.

"அண்டைக்கு அவள் அடிச்சிருப்பாள் மச்சான். நான் ஓஃப் பண்ணி வச்சிருந்தன். அவள் என்ன நினைச்சாளோ."

 நீ கழுவிய தட்டுகளை நான் துடைத்து அடுக்குவேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உன் இடம். ஒரு நாள் காலையும் வழக்கம்போல அங்கேதான் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாய். ஹோட்டல் வந்தது. "எந்திரிடா" என்று தோளைத் தட்டினேன். பிறகு கொஞ்சம் பலமாகத் தட்டினேன். டிரைவர் சீக்கிரம் இறங்கச் சொல்லி "யல்லா, யல்லா" என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் தட்டிக்கொண்டேயிருந்தேன். நெஞ்சு நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அன்று மத்தியானம் ஒரு கல்யாணப் பார்ட்டிக்கு மேசை விரித்தேன். யாரும் என்னை லீவு எடுக்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருந்தது உடம்பு முழுவதும். ஊன்றினால் ஊன்றியது தெரியவில்லை.

உன் உடம்பைக் கொழும்பில் இருந்த உன் சித்தப்பா பெற்றுக்கொண்டார். சுகந்தியும் பிள்ளையும் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. உன் பெட்டியைக் கட்டும்போது போனை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். "இதையும் அனுப்பணும்" என்றார் கேம்ப் பாஸ். "இதை அனுப்பினா அந்தப் பொண்ணு யாருக்கு அடிக்கும்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சிம் செத்துப்போகாமல் இருக்க ரீசார்ஜ் செய்தேன். கொடி வைக்கிற நாட்களில் அதை ஆஃப் செய்யாமல், கீழே பாத்திரம் கழுவும் இடத்தில் கொடுத்துவிட்டுப் போனேன். அடித்தால் எடுக்காதீர்கள், நம்பரை மட்டும் பாருங்கள் என்று அங்கே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

உங்கள் ஊர்ச் சண்டை முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். அதற்கும் பிறகு ஒரு மத்தியானம். ஸ்டோர் ரூமில் கொடிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். உன் போன் ஒருமுறை துடித்து அடங்கியது.

இலங்கை நம்பர். ஒரு ரிங். வெட்டு.

இஸ்திரிப் பெட்டியைத் துணியிலேயே வைத்துவிட்டேன். ஒரு கொடி கருகியது, எந்த நாட்டுக் கொடி என்றுகூட நினைவில்லை. பதிலுக்கு நான் ஒரு ரிங் அடித்து வெட்டினால், நீ சுகமாக இருக்கிறாய் என்று அர்த்தம். வெட்டாமல் விட்டால், நான் பேச வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்த நம்பரை அழுத்தினேன். ஒரு ரிங் போனது. நான் வெட்டவில்லை.

எடுத்ததும் அவள்தான் பேசினாள். "ஏனப்பா கட் பண்ணாமல் விடுறியள்? காசு போகுமெல்லோ! நாங்கள் சுகம். பிள்ளையும் என்னோடதான். சரி, வையுங்கோ."

"தங்கச்சி" என்றேன். "நான் அவரோட ரூம்ல இருக்கறவன். பரமக்குடி."

"ஓ, மச்சான் எண்டு சொல்லுவாரே. அவர் டியூட்டியோ அண்ணா?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே.  தூரத்தில் ஒரு பிள்ளை "அம்மா, அப்பாவோ?" என்று கேட்டது. அவள் அழவில்லை, மச்சான். என்னைப் போலவே மரத்துப்போயிருந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு சொன்னாள்.

"நான் ஒருக்கா அடிச்சனான் அண்ணா. நாங்கள் கடைசியா இடம் மாறுறதுக்கு முதல், ஒரு ஆளிட்ட ஃபோனைக் கெஞ்சி வாங்கி. ஓஃப் எண்டு ஒரு பொம்பிளை சொன்னாள். எனக்கு அப்பாடா எண்டு இருந்தது."

எனக்குப் புரியவில்லை. "ஆஃப்னு சொன்னதுக்கா?" என்றேன்.

"ஓம். அவர்தானே சொல்லியிருந்தவர், ஃபோன் ஓஃப் எண்டாப் பயப்பிடாத, அண்டைக்குக் கொடி வைக்கிற நாள் எண்டு. அப்ப ஆள் நல்லா இருக்கிறார், வேலையில நிக்கிறார் எண்டு பிள்ளையிட்டையும் சொன்னன். அதோடதான் வழியெல்லாம் நடந்தம்."

இதை உன்னிடம் சொல்லத்தான் இந்த மடல். நீயே சொல்லி வைத்த சொல்லை நீ மறந்துவிட்டாய், அவள் மறக்கவில்லை. அவள் அடித்தது உண்மை. நீ ஆஃப் செய்து வைத்திருந்ததும் உண்மை. அதற்காகத்தான் பேஸ்மென்டில் ஆவிக்குள் நின்று நெஞ்சைத் தொட்டுத் தொட்டு உருகினாய். அவளுக்கோ அதுவே பதிலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இது உனக்குத் தெரிந்திருந்தால் மேலேயே கொடி வைத்துக்கொண்டு இருந்திருப்பாய். உயிரோடும் இருந்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. அதை யோசிக்கப் போனால் எனக்குள் ஒன்றும் அசையமாட்டேன் என்கிறது.

அவர்கள் இப்போது சித்தப்பா வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. போனை அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அது உங்களிட்டயே இருக்கட்டும் அண்ணா" என்றாள் சுகந்தி.

இன்றைய கூட்டம் சாயங்காலம் முடிந்தது. இரண்டு கொடிகளுக்கு நடுவில் தட்டையான பூதான் வைக்கச் சொல்லியிருந்தார்கள். டோக்கனைக் கொடுத்து என் போனையும் உன் போனையும் வாங்கிக்கொண்டேன். இப்போது உன்னுடையதை நான் ஆன் செய்வதில்லை. ரீசார்ஜ் மட்டும் செய்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் என் போனிலிருந்து உன் நம்பருக்கு அடிக்கிறேன். ஸ்விட்ச் ஆஃப் என்று அந்தப் பதிவுக்குரல் பெண் முதலில் அரபியிலும் பிறகு இங்கிலீஷிலும் சொல்கிறாள். முழுக்கக் கேட்டுவிட்டு வைக்கிறேன்.

சரி, டியூட்டியில் இருக்கிறாய்.