வகுப்பே கைதட்டிய என் பயம்

கடலில் மூழ்கிச் சங்கெடுத்த என் அப்பாவுக்கு, சின்ன மகளின் முத்தங்கள்.

நீங்க கண்ணை மூடி ரெண்டு வருசம் ஆச்சு. வீட்டில் எல்லாரும் சுகம். ரோசி அக்காவுக்கு மட்டும் வாரம் ஒரு நோய். பயப்படாதீங்க. யுனிவர்சிட்டியில் உளவியல் படிக்கிறாள். இந்த செமஸ்டரில் மனநோய்கள் பற்றி ஒரு பாடம். எந்த நோயைப் படித்தாலும் அது தனக்கே இருப்பதுபோலத் தோன்றுகிறதாம். "ஏளா, போன வாரத்து வியாதி போச்சா, இல்ல ரெண்டும் சேந்தே இருக்கா?" என்று அம்மா குசினியில் குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்கிறாள்.

ஒருநாள் அவள் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். நாலு பேர் பார்த்தால் பேச முடியாது, கை நடுங்கும், அதற்குப் பயந்தே எங்கும் போகத் தோன்றாது என்று போட்டிருந்தது. என்னைப் பற்றி யார் எழுதினார்கள்? ஒன்பதாம் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்ன அன்றோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனே, நீங்க ஒரு வார்த்தை திட்டவில்லை. உங்களுக்கு அப்போதே தெரியுமா அப்பா?

பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுத எனக்கு ஆசை. அதற்கு பீச் ரோட்டு டுடோரியலில் போய்ப் பெயரைச் சொல்லிச் சேரவேண்டும். மூன்று தடவை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

போன மாதம் அக்கா என்னைத் தன் வகுப்புக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒருவர் நோயாளியாக நடிக்க, இன்னொருவர் கேள்வி கேட்டுப் பழகுவார்கள். அன்றைக்கு நடிக்கவேண்டிய பெண் வரவில்லை. "ஏளா, நீ வா. சும்மா உக்காந்தா போதும்" என்றாள் அக்கா.

உட்கார்ந்தேன். "உங்க பேரு என்ன?" என்று நோட்டும் பேனாவுமாக அக்கா என்னிடமே கேட்கிறாள்! நாற்பது பேர் பார்க்கிறார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. கை உதறியது. பேராசிரியர் வகுப்பைப் பார்த்து, "கவனிங்க, எவ்வளவு தத்ரூபமா நடிக்குது இந்தப் பிள்ளை!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அப்பா. "நடிக்கல சார். நெசமாவே பயம்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்தேவிட்டார். "மன்னிச்சுக்கம்மா. அது எப்படி இருக்கும்னு நீயே சொல்லுதியா?"

சொன்னேன். பத்து நிமிஷம் சொன்னேன்! பின்வரிசை அண்ணன் ஒருவர், "எனக்கும் இப்படித்தான் இருக்கு" என்றார். "ஏலே, அது இந்த வாரப் பாடம். எல்லாருக்கும்தான் இருக்கும்" என்றாள் அக்கா.

மறுநாள் தனியாகவே டுடோரியலுக்குப் போனேன். பெயரைச் சொன்னேன். "கேக்கல, சத்தமா சொல்லும்மா" என்றார் மேசையில் இருந்தவர். இன்னொரு தடவையும் சொன்னேன்.

பரீட்சை ஹாலுக்கும் பயம் கூடவே வரும். வரட்டும். கடைசி மணி அடிக்கும்வரை நான் எழுந்து வரமாட்டேன். இது உங்க மேல் சத்தியம்.

டுடோரியல் வருகைப் பதிவில் பதினெட்டாவது பெயராக இருக்கும்
உங்கள் சின்ன மகள்,
அமலி