நாக்குக்கு அடியில்

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். எல்லாரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை; சமையலறைக்கே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறாள். என்னைத் திட்ட மட்டும் தெம்பு இருக்கிறது. இந்த வாரம் முழுக்கத் திட்டினாள். நியாயம்தான்.

நீ அனுப்பிய பரிசோதனை அறிக்கையைப் பேருந்துப் பணிமனையில் மதிய இடைவேளையில் படித்தேன். கிரீஸ் கை பட்டு ஓரம் கறுத்துவிட்டது. பாதி புரியவில்லை. மன அழுத்தத்துக்கு நீ சாப்பிட்ட மருந்தை உன் உடம்பு மற்றவர்களைவிட வேகமாகச் சிதைத்துவிடுகிறது, அதனால் அது இரத்தத்தில் போதிய அளவு தங்கவில்லை, இது பிறவியிலேயே பெற்றவர்கள் வழி வருவது என்றவரை புரிந்தது. மேலே நீ எழுதியிருந்த ஒரே வரி நன்றாகவே புரிந்தது. அப்பா, நான் ஒழுங்காத்தான் போட்டேன்.

ஏழு மாதமாகியும் குணமில்லை என்று நீ அழுதபோது, மாத்திரைய ஒழுங்கா போடுறியா, ஏமாத்துறியா என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. உன் சித்தப்பாவிடம் ஒன்றரை வருஷம் தினமும் கேட்டது.

அவன் விபத்தில் போனதாக உன்னிடம் சொல்லியிருந்தோம். பொய். அவனுக்கும் இதே நோய், இதே மாத்திரை. டாக்டர் அளவைக் கூட்டியும் பலனில்லை. துப்பிவிடுகிறான் என்று நானே முடிவுகட்டினேன். வண்டிக்கு அடியில் பார்க்கிற டார்ச்சை எடுத்து, வாயத் தொறடா, நாக்கத் தூக்குடா என்று வெளிச்சம் அடித்துப் பார்ப்பேன். பல்லு எத்தனைன்னு எண்ணிட்டியாண்ணே என்று கேலி செய்வான். பிறகு கேலி நின்றது. நான் கூப்பிடும் முன்பே வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்பான். ஒரு நாள்கூட அங்கே மாத்திரை இருந்ததில்லை. அப்படியும் நம்பாமல் தலையணையைப் பிரித்துத் தேடினேன். சத்தியமா முழுங்கறேண்ணே என்றான். நடிக்காதே என்றேன். அந்த வாரமே அவனாகவே உயிரை விட்டுவிட்டான்.

அவன் உடம்பும் உன்னுடையதைப் போலத்தானா என்று இனி யாராலும் சோதித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. தினமும் டார்ச் அடித்துப் பார்த்த எனக்கே அது தெரியாமல் போயிற்று.

உன் டாக்டரிடம் சித்தப்பாவைப் பற்றி மறைக்காமல் சொல். தேவையென்றால் என் இரத்தத்தையும் கொடுக்கிறேன்.

டாக்டர் மாற்றிக் கொடுத்த புது மருந்தை நீ இன்னும் பிரிக்கவே இல்லை என்று அம்மா சொன்னாள். என்மேல் கோபம் என்றால் பேசாமல் இரு, எத்தனை மாதம் வேண்டுமானாலும். மருந்தின் மேல் காட்டாதேம்மா. இதுவும் கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல், வேறு பார்க்கட்டும். ரொம்பவும் முடியாமல் போனால் அந்த நிமிஷமே யாரையாவது கூப்பிடு. என்னைத்தான் என்றில்லை. போட்டேன் என்று நீ சொன்னால் போட்டாய். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

நன்றாக இரு, குட்டி. நன்றாக இல்லாவிட்டாலும் இரு.

உன்னை நம்பும்
அப்பா