வயிற்றில் எழுதிய குறிப்பு

அன்புள்ள அப்பா,

கப்பல் தளத்திலேயே ஒரு குத்தாட்டம் போடுங்கள், கட்டி போயே போச்சு! புற்று இல்லைதான். ஆனால் ஆரஞ்சு அளவுக்கு வளர்ந்து, கல்லீரலுக்குள்ளேயே வெடிக்கப் பார்த்த கட்டியாயிற்றே!

அறுவைக்கு முன் டாக்டர் என் வயிற்றில் பேனாவால் அம்புக்குறி போட்டார். அவர் திரும்பியதும் பேனாவைச் சுட்டு, "கட்டியை மட்டும் எடுக்கவும். மற்றதெல்லாம் எனக்கு வேண்டும்" என்று அதன் கீழே எழுதினேன். எழுத்து கோணலானதற்கு ஏசி குளிர்தான் காரணம்.

"இந்த வாலை வச்சுக்கிட்டு என்ன பண்றது!" என்று நர்ஸ் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். டாக்டர் சிரிக்கவே இல்லை.

கண் விழித்ததும் அம்மா போர்வையை விலக்கிக் காட்டினாள். பேண்டேஜ் மேல் டாக்டரின் கையெழுத்து: "முழுசா எடுத்தாச்சு. மிச்சம் பத்திரம். சரிபார்த்துக்கோ."

அம்மா அழுதாள். நான் சிரித்தேன். தையல் இழுத்ததால்தான் எனக்கும் கண்ணீர்.

இப்படிக்கு,
கல்லீரல் குறைந்தும் கொழுப்பு குறையாத உங்கள் மகள்